பிரிண்ட் அனுப்புறீங்களா? ஒழுங்கா கழுவிட்டு அனுப்புங்க சாமி!

நம்ம ஊர் ஸ்டுடியோ பாஷையில ஃபிலிமை டெவலப் பண்றதுக்கு 'கழுவுறது'ன்னு பேரு. "ரோலைக் கழுவக் குடுத்திருக்கேன்"னு சொன்னா எல்லாருக்கும் புரியும். ஆனா பிரிண்ட் போட்டு முடிச்சப்புறம் நிஜமாவே தண்ணியில போட்டுக் கழுவணுமே, அந்த வேலைக்குத் தனியா ஒரு பேரே கிடையாது. பேரில்லாத வேலையை எவன் ஒழுங்கா செய்வான்? :-)

இந்தப் பதிவு அந்தக் கடைசி வேலையைப் பத்தினது. கூடவே காய வைக்கிறது, நிமித்துறது, பின்னாடி எழுதுறது, பொட்டலம் கட்டுறது எல்லாம் வரும். "செல்போன்லயே எல்லாம் இருக்கு, இருட்டறையில நின்னுக்கிட்டு என்னய்யா பண்றீங்க"ன்னு கேக்குற மக்கா எல்லாம் இப்பவே தாண்டிப் போயிரலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

நாங்க ஏழு பேர். ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒரு பாத்ரூமோ, மாடிப்படிக்குக் கீழ ஒரு பொந்தோ இருட்டறையா மாறியிருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆளுக்கு ஒரு நெகட்டிவை எடுத்து ஏழு பிரிண்ட் போடுவோம். ஆறை மத்தவங்களுக்குத் தபால்ல அனுப்பிட்டு ஒண்ணை வச்சுக்குவோம். மார்க் கிடையாது, பரிசு கிடையாது, சந்தா கிடையாது.

வர்ற கவரைப் பிரிச்சுப் பார்த்தா ஒவ்வொண்ணும் ஒரு ரகம். ஒருத்தர் கறுப்பு அட்டையில ஒட்டி, முன்பக்கம் தங்கக் கலர் பேனாவுல கையெழுத்துப் போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி அனுப்புவார். இன்னொருத்தர் காலண்டர் மாதிரி சுருட்டிக் குழாய்க்குள்ள திணிச்சு அனுப்புவார், அதை விரிச்சு வைக்க நாலு மூலையிலயும் செம்பு வைக்கணும். ஒருத்தர் பின்னாடி பசை போட்டு லேபிள் ஒட்டுவார். இன்னொருத்தர் படம் அட்டகாசமா இருக்கும், ஆனா கவரைப் பிரிச்சதுமே ஹைப்போ வாசனை மூக்கில அடிக்கும். இந்த நாலாவது ஆசாமிதான் எனக்குப் பெரிய கவலை.

இந்தப் பழக்கமெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னா, சலூன்ல இருந்து. (முடி வெட்டுற சலூன் இல்லீங்க, போட்டோ போட்டிக்கு அந்தக் காலத்துல இருந்தே அதான் பேரு.) இந்தியாவுல கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலையா வளர்த்ததுல சலூன்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை நான் மறுக்கலை. காட்டுயிர் படங்களுக்குப் பேர் போன டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) மாதிரி ஆட்கள் சர்வதேச சலூன்கள் வழியா உலகத்துக்குத் தெரிஞ்சவங்கதான். ஆனா சலூனுக்குப் போற பிரிண்ட்டை நடுவர் தள்ளி நின்னு பார்ப்பார். அவர் முன்னாடி அது நிக்கிறது சில வினாடி. பளபளப்பு, கனமான அட்டை, கண்ணைப் பறிக்கிற கறுப்பு, இதெல்லாம் அந்தச் சில வினாடிக்காக வந்த அலங்காரம். நண்பருக்கு அனுப்புற பிரிண்ட்டை அவர் கையில எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு, திருப்பிப் பார்த்து, பெட்டியில வச்சு, மூணு வருஷம் கழிச்சு மறுபடி எடுப்பார். அவர் கையில அது எத்தனை வருஷம் தாங்கும்ங்கிறதுதான் கேள்வி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 2023 டிசம்பர் வெள்ளம். எங்க ஏழு பேர்ல ஒருத்தர் தூத்துக்குடிக்காரர். அந்த டிசம்பர் 17, 18 தேதிகள்ல பெய்ஞ்ச மழையில அவர் வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. நெகட்டிவ் ஃபைல், பிரிண்ட் பெட்டி, என்லார்ஜர் எல்லாம் தரையோட ஒட்டின அலமாரியில இருந்துச்சு. நனைஞ்ச நெகட்டிவ் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், ஜெலட்டின் அப்படியே பசை மாதிரி ஆயிரும். இருபது வருஷ வேலையில மிஞ்சினது, எங்க ஆறு பேருக்கு அவர் அனுப்பியிருந்த பிரிண்ட்டுகள் மட்டும்தான்.

என் பெட்டியில ஒம்போது இருந்துச்சு. எடுத்து மேஜையில பரப்பினேன். உப்பளத்துல வேலை செய்றவங்க, பழைய துறைமுகம், ஒரு கிழவியோட கை. ஏழு நல்லாவே இருந்துச்சு. ரெண்டு பிரிண்ட்ல மட்டும் ஓரத்துல இருந்து மஞ்சள் ஏறி, கிழவியோட விரல் நகம் பழுப்பா மங்கிப் போயிருந்துச்சு. வெள்ளம் அந்த ரெண்டையும் தொடவே இல்லை. பம்புளியில என் அலமாரிக்குள்ள சும்மா இருந்தபடியே கெட்டுப் போனது. (ஊர்ப்பேரு போர்டுல பண்பொழி, பழைய ஏடுகள்ல பைம்பொழில், பேச்சுல பம்புளி.) காரணம் வெள்ளை வெளேர்னு தெரியுது, கழுவினது பத்தலை.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. 1855லயே லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டி, படங்கள் ஏன் மங்குதுன்னு கண்டுபிடிக்க ஒரு கமிட்டி போட்டாங்க. விக்டோரியா ராணியோட வீட்டுக்காரர் ஆல்பர்ட் அதுக்கு 50 பவுண்ட் குடுத்தார். அந்தக் கமிட்டி சொன்ன முக்கியமான காரணம், ஹைப்போ போற அளவுக்குக் கழுவாம விட்டது. அடுத்தது ஈரம். நூத்து எழுபது வருஷம் ஆச்சு, நாம இன்னும் அதே ரெண்டுலதான் மாட்டிக்கிட்டு நிக்கிறோம். அதுவும் குற்றாலத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஈரத்தைப் பத்திக் கவலைப்படாம இருந்தா எப்படி?

அதே 1855ல இன்னொண்ணும் நடந்துச்சு. லண்டன்ல போட்டோகிராபிக் கிளப்னு கொஞ்சம் பேர் சேர்ந்து, தங்கள் படங்களை ஒருத்தருக்கொருத்தர் குடுத்து ஆல்பமாக் கட்டினாங்க. 1855 வருஷத்து ஆல்பத்துல 44 படம். ஒவ்வொரு படத்துக்கும் எந்த முறையில எடுத்ததுன்னு தொழில்நுட்பக் குறிப்பும் அச்சடிச்சிருந்தாங்க. 1861ல நியூயார்க்ல ஒரு அமெச்சூர் கோஷ்டி ஸ்டீரியோ படங்களைத் தபால்ல மாத்திக்க ஆரம்பிச்சது. ஓரிரு வருஷத்துல அது கலைஞ்சு போச்சு. அப்போ இந்தப் பிரிண்ட் பரிமாற்றம்ங்கிறது போட்டோ கலையோட கூடவே பிறந்த வழக்கம்தான்.

நம்ம பக்கத்துல லின்னியஸ் ட்ரைப் கதையைப் பாருங்க. மெட்ராஸ் அரசாங்கத்தோட போட்டோகிராபரா 1858ல ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரைன்னு சுத்தினவர். மெழுகு தேய்ச்ச காகித நெகட்டிவ். தஞ்சாவூர் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 பிரிண்ட்டா எடுத்து ஒட்டி, 19 அடிக்கு மேல நீளமான ஒரே படமா ஆக்கினார். 1859ல வந்த கவர்னர் ட்ரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவுன்னு நிறுத்தச் சொல்லிட்டார். ஆனா அதுக்குள்ள அந்தப் பிரிண்ட்டுகள் தொகுதி தொகுதியா பல இடத்துக்குப் போயிருந்துச்சு. 2015ல லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல அவருக்குத் தனிக் கண்காட்சியே வச்சாங்க. நல்லாக் கழுவின ஒரு படம் நாலு ஊர்ல இருந்தா, ஒரு ஊர்லயாவது பிழைச்சுக்கும்.

நம்ம ஸ்டுடியோக்கள் நிலைமை அப்படி இல்லை. பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டும் பிரிட்டிஷ் லைப்ரரியோட அழியும் ஆவணங்கள் திட்டமும் சேர்ந்து தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் பண்ணாங்க. நல்ல காரியம். ஆனா கடை மூடினப்புறம் கண்ணாடி நெகட்டிவ் என்ன ஆச்சுன்னு உங்க ஊர்ல கேட்டுப் பாருங்க, பதில் பெரும்பாலும் பழைய சாமான் கடையில போய்தான் முடியும். வீட்டுச் சுவத்துல தொங்குற பிரிண்ட்தான் மிச்சம்.

சரி, வேலைக்கு வருவோம்.

பேப்பர் ரெண்டு வகை. பிளாஸ்டிக் பூசின ஆர்.சி., வெறும் காகிதத்து மேல பூசின ஃபைபர். ஆர்.சி.க்கு ரெண்டு நிமிஷம் ஓடுற தண்ணி போதும், ஈரம் உள்ள இறங்காது. ஃபைபர் பேப்பர் துணி மாதிரி, ஹைப்போவை உள்ள இழுத்து வச்சுக்கும். சும்மா தண்ணியில கழுவணும்னா ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு தண்ணியை வீணாக்க மனசு வராதுன்னு சொல்றவங்களுக்கு இல்ஃபோர்டு கம்பெனியே ஒரு குறுக்கு வழி சொல்லியிருக்கு. வீரியமான ரேபிட் ஃபிக்ஸர்ல (ஒண்ணுக்கு நாலு) ஒரே நிமிஷம், தண்ணியில அஞ்சு நிமிஷம், வாஷ் எய்டுல பத்து நிமிஷம், மறுபடி தண்ணியில அஞ்சு நிமிஷம். ஃபிக்ஸர்ல நேரம் குறைஞ்சா காகிதத்துக்குள்ள கம்மியா இறங்கும், அவ்வளவுதான் சூட்சுமம்.

வாஷ் எய்டு கிடைக்கலைன்னு சாக்கு சொல்லாதீங்க. லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்பைட் கரைச்சாப் போதும். சல்ஃபைட்! சல்ஃபேட் இல்லை, தயோசல்ஃபேட் இல்லவே இல்லை, அதுதான் ஹைப்போ. கெமிக்கல் கடையில பேரைத் தமிழ்ல வாயால சொல்லாம எழுதிக் குடுத்துருங்க. கரைச்சதை அன்னிக்கே பயன்படுத்திட்டுக் கொட்டிரணும்.

இன்னொரு சங்கதி. ஃபிக்ஸர் பழசாகி ஓய்ஞ்சு போனா அதுல வெள்ளி நிறைஞ்சிருக்கும். அந்த வெள்ளிக் கூட்டுப்பொருள் காகிதத்துல தங்கிருச்சுன்னா எவ்வளவு கழுவினாலும் போகாது, நாளாக ஆக வெள்ளைப் பகுதி மஞ்சளாகும். ஹைப்போ தங்கினா கறுப்புப் பகுதி பழுப்பாகி மங்கும். நண்பரோட பிரிண்ட்ல ரெண்டுமே நடந்திருந்துச்சு. அதனால ஃபிக்ஸர் ரெண்டு ட்ரேயில வையுங்க, பாதி நேரம் முதல்ல, மீதி நேரம் புதுசுல.

கழுவினது போதுமான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. சில்வர் நைட்ரேட், அசிட்டிக் ஆசிட் கலந்த கரைசல்ல ஒரு சொட்டு, கூடவே கழுவின வெள்ளைத் துண்டுப் பேப்பர் மேல விடுங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பழுப்புக் கறை அழுத்தமா விழுந்தா இன்னும் ஹைப்போ இருக்குன்னு அர்த்தம். லேசா விழுந்தா நல்லது. கையில பட்டா ரெண்டு நாளைக்கு விரல் கறுப்பா இருக்கும், எலெக்சன்ல ஓட்டுப் போட்ட மாதிரி.

அடுத்தது காய வைக்கிறது. இங்கதான் எங்க ஊர் விளையாடும். ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா சாரல் ஏறி வந்தா, திருமலைக்கோவில் மலை இருக்கிற இடமே தெரியாது. கொடியில போட்ட வேட்டி மூணாவது நாளும் சில்லுன்னு இருக்கும். ஃபைபர் பிரிண்ட்டு மட்டும் காயுமா? நான் நைலான் கொசுவலையைச் சட்டத்துல இழுத்துக் கட்டி, தண்ணியை வழிச்சு எடுத்துட்டு, முகம் கீழ இருக்கிற மாதிரி பரப்புறேன். வலையையும் மாசத்துக்கு ஒருக்காத் துவைக்கணும். ஹைப்போ படிஞ்ச வலையில நல்ல பிரிண்ட்டைப் போட்டா அவ்வளவு கழுவினதும் வீண்.

வேடிக்கை என்னன்னா, சாரல் காலத்துல காஞ்ச பிரிண்ட் சமத்தா தட்டையா இருக்கும். காத்துல ஈரம் இருக்கிறதால ஜெலட்டின் இறுகாது. அதையே டெல்லிக் குளிர்காலத்துக்கோ, ஏசி ரூமுக்கோ அனுப்பினா, பிரிச்சு வச்ச ஒரு மணி நேரத்துல அப்பளம் மாதிரி உள்பக்கமா சுருண்டுக்கும். வாங்கினவர் "என்னய்யா சுருட்டி அனுப்பியிருக்கே"ன்னு கேப்பார். அதனால ரெண்டு சுத்தமான அட்டைக்கு நடுவுல வச்சு, சூடு கம்மியா, ஆவி இல்லாம இஸ்திரிப் பெட்டியால அழுத்தி, ஆறுற வரைக்கும் மேல பாரம் வச்சுத்தான் எடுக்குறேன். (ஆர்.சி. பேப்பருக்கு இஸ்திரி போட்டுத் தொலைச்சிராதீங்க, பிளாஸ்டிக் உருகிரும்.) காஞ்சதும் ஃபைபர் ஒரு இழை கறுக்கும், ஈரத்துல பார்த்து ஏமாறக்கூடாது. தூசிப் புள்ளிகளை மெல்லிய பிரஷ்ஷால தொட்டு மறைக்கிற டச்சிங் வேலை, நிமித்தினப்புறம்தான்.

அட்டையில ஒட்டணுமா வேண்டாமாங்கிறதுலதான் எங்களுக்குள்ள பெரிய சண்டை. கோயம்புத்தூர் நண்பர் ஒட்டித்தான் அனுப்புவேன்னு நிக்கிறார். "படத்துக்கு ஒரு மரியாதை வேணும்ல? வெறும் காகிதமா அனுப்பினா ரசீது மாதிரி இருக்கு"ங்கிறார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அகலமா வெள்ளை ஓரம் விட்டு அட்டையில வச்சா படம் மூச்சு விடும், பார்க்கிறவன் கை படத்து மேல படாது. ஆனா மரியாதையை வேற விதமாவும் காட்டலாம். எட்டுக்குப் பத்து பேப்பர்ல படத்தை ஆறுக்கு ஒம்போதுக்கும் கம்மியாப் போட்டு, சுத்திலும் பேப்பரோட வெள்ளையையே ஓரமா விட்டாப் போதும். அட்டைங்கிறது பஞ்சு மாதிரி. பம்புளி ஈரத்தைக் குடிச்சுப் படத்தோட முதுகுல கொண்டு வந்து சேர்க்கும். மட்டமான அட்டையில அமிலமும் இருக்கும். தூத்துக்குடி நண்பரோட ஒம்போதுல ஒண்ணு அட்டையில ஒட்டினது. அதை ஸ்கேன் பண்ண வச்சா வளைஞ்ச அட்டை கண்ணாடியில படியவே இல்லை, பிரிச்சு எடுக்கவும் வழி இல்லை. ஃப்ரேம் போடணுமா, ஆல்பத்துல வைக்கணுமாங்கிறதை வாங்குறவர் முடிவு பண்ணட்டும். ஒட்டினா ஒட்டினதுதான், திரும்ப முடியாது.

பின்பக்கம். இதுல மட்டும் நான் சர்வாதிகாரி. மெதுவான பென்சில், 2பி இல்லைன்னா 4பி, ஓரத்துல, கண்ணாடி மாதிரி கெட்டியான தட்டு மேல வச்சு எழுதணும். பால்பாயிண்ட் பேனா அழுத்தினா முன்னாடி வரி விழும். ரப்பர் ஸ்டாம்ப் மை ஊறும். லேபிள் பசை மஞ்சளாகும். என்ன எழுதணும்? படம் எடுத்த ஊர், வருஷம், பிரிண்ட் போட்ட தேதி, பேப்பர், டோனிங் உண்டா, ஏழுல எத்தனாவது பிரதி, பேரு. தலைப்பு வேண்டாம், 'காத்திருப்பு', 'தனிமை'ன்னு எத்தனை பார்த்தாச்சு. அதுக்குப் பதிலா படத்துல இருக்கிறவர் யாரு, என்ன வேலை செய்றார்னு எழுதுங்க. தூத்துக்குடிக்காரர் ஒம்போதுலயும் ஒழுங்கா எழுதியிருந்தார், 'வேம்பார் பக்கம், உப்பளம், 2009'ன்னு. அந்த எழுத்தை வச்சுத்தான் எங்க ஆறு பேர்கிட்ட இருந்ததைச் சேர்த்து வரிசைப்படுத்தி, நகல் நெகட்டிவ் எடுத்து அவருக்குத் திருப்பிக் குடுக்க முடிஞ்சது.

பொட்டலம் சுருக்கமாச் சொல்றேன். பாலிப்ராப்பிலீன் உறை, பி.வி.சி. வேண்டாம். படத்தை விடப் பெரிசா ரெண்டு அட்டை, ஒண்ணோட வரி நெடுக்க, இன்னொண்ணோட வரி குறுக்க இருந்தா வளையாது. படத்து மேல செலோ டேப் படக்கூடாது, மூலைக்குப் பேப்பர் மடிச்சுச் சொருகுங்க. நியூஸ் பேப்பர் சுத்தாதீங்க. 'போட்டோ, மடக்காதீர்கள்'னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதுங்க, யாராவது ஒருத்தர் மதிப்பாங்க.

செலவைப் பத்தி ஒரு வார்த்தை. ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967ல இருந்து 'இந்து' பிராண்டுல ஃபிலிமும் பேப்பரும் தயாரிச்ச காலம் உண்டு. இப்போ அந்த ஆலை இல்லை. கோடாக் 2005லயே கறுப்பு வெள்ளைப் பேப்பரை நிறுத்திட்டாங்க. நம்ம கைக்கு வர்றது இங்கிலாந்து இல்ஃபோர்டு, செக் நாட்டு ஃபோமா. ஏழு பிரிண்ட் போட பத்துப் பன்னிரண்டு தாள் ஆகும்னா பர்ஸ் அழும், தெரியும். அதுக்குத்தான் சொல்றேன், படத்தைச் சின்னதாப் போடுங்க. அஞ்சுக்கு ஏழு தாராளம். கையில பிடிச்சுப் பார்க்கிற படத்துக்குப் பெரிய சைஸ் எதுக்கு? அட்டைக்கும் தங்கப் பேனாவுக்கும் போற காசுல சோடியம் சல்பைட் ரெண்டு வருஷத்துக்கு வாங்கலாம்.

வாங்குறவருக்கும் ஒரு வேலை இருக்கு. 'சூப்பர்'னு ஒரு வாட்ஸப் அனுப்பிட்டு விட்டுராதீங்க. ரெண்டு வரி கடிதம், படத்துல எந்த இடத்துல கண்ணு நின்னுச்சு, எங்க கறுப்பு அடைச்சிருக்குன்னு. ஸ்கேன்ல அது தெரியாது, கையில இருக்கிற காகிதத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அடுத்த சுத்து ஜூலையில வருது, நல்ல சாரல் நேரம். ஜூலையை மாத்தி பிப்ரவரியில வச்சுக்கலாம்னு நான் கேட்டுப் பார்த்தேன். ஏழு பேர்ல நாலு பேர் ஜூலைன்னே ஓட்டுப் போட்டுட்டாங்க, குற்றாலத்துல குளிச்சிட்டு அப்படியே என் வீட்டுல கறிச்சாப்பாடு சாப்பிடலாம்ங்கிற திட்டம் அவங்களுக்கு. ஆகட்டும். என்னோட ஏழு பிரிண்ட்டும் மாசி வெயில்லயே காஞ்சு தயாரா இருக்கு. மேக்கரை அடவிநயினார் அணை, தண்ணி வத்தின நேரத்துல எடுத்தது.

பி.கு: தூத்துக்குடி நண்பர் மறுபடி இருட்டறை போட்டுட்டார். இந்தத் தடவை மாடியில.